டிக்கிக்குள் கிரீடம்

படப்பை
6-5-1968

சம்பந்தி ஐயா ஜெபதாஸ் அவர்களுக்கு ஸ்தோத்திரம். அன்னபுஷ்பம் எழுதுகிறேன்.

என் மகள் ரூத்தும் மாப்பிள்ளை தாவீதும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் வீடும் சுகம். வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டாற்போல இருக்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று உங்கள் கார் கோயில் வாசலில் வந்து நின்ற அழகை ஊரே பேசுகிறது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மைதா பசை காய்ச்சி, ரோஸ் காகிதத்தில் பூச்செய்து, முன்னாலும் பின்னாலும் ஒட்டியதால் வந்த அழகு அது. எல்லாரும் பாராட்டினார்கள். நீங்கள் மட்டும்தான் "பெயிண்ட் பூடும், பெயிண்ட் பூடும்" என்று பிள்ளைகள் பின்னாலேயே சுற்றினீர்கள்.

எழுத வந்த விஷயம் வேறு. ரூத் கூறைப்புடவைக்கு மாறினபோது அவள் தலையிலிருந்த நெட்டுத் துணி முக்காட்டையும் மெழுகுப்பூக் கிரீடத்தையும் கழற்றி, பெரிய பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்து, நானே உங்கள் கார் டிக்கியில் வைத்தேன். நீங்கள்தான் டிக்கியை மூடினீர்கள். மூடினீர்கள் என்பதா, அறைந்தீர்கள் என்பதா? ஒட்டின பூவெல்லாம் உதிர்ந்து, பிள்ளைகள் மறுபடி பசை தடவ வேண்டியதாயிற்று. போகட்டும்.

அந்த முக்காடும் கிரீடமும் ரூத்துக்குச் சொந்தம் இல்லை. எங்கள் சபையில் எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தாலும் தலையில் ஏறுவது அந்த ஒரு கிரீடம்தான். அணிந்தவள் அந்த நெட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டு, மறுவீடு வரும்போது கொண்டுவந்து, அடுத்த கல்யாணப் பெண்ணின் தலையில் தன் கையாலேயே வைத்துப் பார்க்கவேண்டும். அது இல்லாமல் மறுவீடு கிடையாது. பெண்கள் சங்கத்தில் இந்த ஏற்பாட்டைப் போட்டதே நான்தான்.

அடுத்த பெண் கிரேசி. கோயில் மணி அடிக்கிற ஏசுதாஸின் மகள். கல்யாணம் 27ஆம் தேதி. ஆகவே டின்னை எடுத்து ரூத்திடம் கொடுத்து, பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
அன்னபுஷ்பம்


ஸ்ரீபெரும்புதூர்
8-5-1968

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு ஜெபதாஸ் வணக்கம் சொல்லி எழுதுவது.

பிள்ளைகள் சுகம். தாவீது ஆவடி தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போய்வருகிறான். ரூத் அதற்குள் என் ரைஸ் மில்லில் வந்து உட்கார்ந்து, நெல் மூட்டை எது யாருடையது என்று எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள். உங்கள் வளர்ப்பு. பார்த்தாலே தெரிகிறது.

கடிதம் கிடைத்ததும் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். சாவி பாதிதான் நுழைகிறது. கைப்பிடியும் அசையமாட்டேன் என்கிறது. நானும் விடவில்லை, அதுவும் விடவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரி வந்து, "சோறு ஆறிப்போவுது, அத்த வுட்டுட்டு வாங்க" என்று இழுத்துப்போனாள்.

துருதான், சந்தேகமே இல்லை. இத்தனை வருஷமாக இரும்போடு குடித்தனம் பண்ணுகிறவன் சொல்கிறேன். மண்ணெண்ணெய் விட்டிருக்கிறேன். இரண்டு நாளில் தானாக வாயைத் திறக்கும். பின் சீட்டுப் பக்கமாக எடுக்கலாம் என்றால் நடுவில் இரும்புத் தகடு.

நான் அறைந்து மூடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அந்த ஆஸ்டின் கார் என் சித்தப்பா அமிர்தநாதன் விட்டுப்போனது. அவர் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு டிரைவராக இருந்தவர். துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது இவரிடம் காரை விட்டுப்போனார். சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. கண்ணை மூடுவதற்கு முன்னால் சாவியை என் உள்ளங்கையில் வைத்து ஒன்றே ஒன்று சொன்னார்: "தண்ணி மட்டும் காட்டாதடா. தகரத்த தின்னுடும்." அன்றிலிருந்து அதற்கு உலர்ந்த துணிதான். மழை தூறினால் முதலில் அதற்குத்தான் தார்ப்பாய், அப்புறம்தான் நெல்லுக்கு. அப்படிப்பட்ட வண்டியை நான் அறைவேனா?

இன்னொன்று. "தாம்பரத்துல ஒரு டாக்சி சொல்லியிருக்கலாம்" என்று நீங்கள் கல்யாணப் பந்தலில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. கோபமில்லை. விழுந்தது என்று சொல்கிறேன்.

தங்கள்,
ஜெபதாஸ்


படப்பை
11-5-1968

சம்பந்தி ஐயாவுக்கு,

கைக்குக் கிடைத்தது இந்தப் போஸ்ட் கார்டுதான். சுருக்கமாகவே எழுதுகிறேன்.

துரு என்கிறீர்கள். கல்யாணத்தன்று நான் திறந்த டிக்கி, இந்தச் சில நாளுக்குள் துருப்பிடித்துவிட்டதா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படிப் பதில் சொன்னால் பெஞ்சில் ஏற்றுவேன்.

கிரீடத்தில் இருப்பது மெழுகுப் பூ. இது மே மாதம். கார் எங்கே நிற்கிறது, வெயிலிலா நிழலிலா? கேட்கவே பயமாக இருக்கிறது.

மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆகாது. உங்கள் மில்லில் கடப்பாரை இல்லாமலா இருக்கும்? ஒரு நெம்பு நெம்புங்கள். பழைய கார்தானே.

அன்னபுஷ்பம்


ஸ்ரீபெரும்புதூர்
13-5-1968

சம்பந்தி அம்மாவுக்கு,

தயவுசெய்து இனிமேல் கார்டில் எழுதாதீர்கள். எங்கள் போஸ்ட்மேன் பாண்டுரங்கன் நல்ல மனுஷன். ஆனால் கார்டைப் படிக்காமல் கொடுத்தால் அவனுக்கு அன்றைக்கு ஜீரணம் ஆகாது. மில் வாசலில் நின்று, நெல் அரைக்க வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "முதலாளி, சம்பந்தியம்மா கடப்பாரைய எடுக்கச் சொல்லிகிறாங்கோ!" என்று கூவுகிறான். பெஞ்சில் ஏற்றுகிற விஷயத்தையும் விடவில்லை.

அதிலிருந்து மில்லே திமிலோகப்படுகிறது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருவன் விளக்கெண்ணெய் விடச் சொல்கிறான். ஒருவன் வண்டியைக் குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டினால் குலுங்கித் திறந்துகொள்ளும் என்கிறான். அதையும் பார்த்தேன். ஒரகடம் வரைக்கும் போய்த் திரும்பினேன். என் இடுப்புதான் கழன்றது, டிக்கி கழலவில்லை. செங்கல் சூளை முனிரத்தினம் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ளே யாரோ கீறாங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அன்றைக்கு முழுதும் ஒருத்தரும் காரின் பக்கத்திலேயே போகவில்லை.

உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான். கல்யாணத்தன்று திறந்தது அதற்குள் எப்படித் துருப்பிடிக்கும்? பெஞ்சில் ஏறிக்கொள்கிறேன்.

ஆனால் கடப்பாரை மட்டும் முடியாது. பழைய கார்தானே என்று எழுதினீர்களே, அது மனசில் தைத்துவிட்டது. சித்தப்பா தூக்கி வளர்த்த பிள்ளை நான். அவரிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். உங்கள் சபைக்கு அந்தக் கிரீடம் எப்படியோ அப்படி.

கார் நிழலில்தான் நிற்கிறது. மத்தியானம் மட்டும் கொஞ்சம் வெயில் விழும்.

ஜெபதாஸ்


படப்பை
16-5-1968

சம்பந்தி ஐயாவுக்கு,

ஒட்டி மூடுகிற இன்லேண்டிலேயே எழுதுகிறேன். பாண்டுரங்கனுக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. நேற்று பெண்கள் சங்கம் கூடியது. கூட்டம் முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டும்போது தாயாரம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள்: "ஊரு பொண்ணுங்க போட்டுகினப்போ மூணாம் நாளு வந்து சேர்ந்துச்சி. இவங்க பொண்ணு போட்டுகினதும் காருல பூட்டி வச்சிகினாங்கோ."

ஐயா, எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, பெரிய வீட்டுப் பெண்கள் மட்டும் தாம்பரத்திலிருந்து கிரீடம் வாங்கிவந்து வைத்துக்கொள்வார்கள். மற்றப் பெண்கள் தலையில் புடவைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, குனிந்துகொண்டே கோயிலுக்குள் வருவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு, எல்லாருக்கும் ஒரே கிரீடம் என்று ஆக்கினேன். இப்போது அதை நானே வைத்துக்கொண்டேனாம்.

கிரேசி தினமும் சாயங்காலம் வருகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. "டீச்சர், தண்ணி இழுத்துத் தரட்டா?" என்று கேட்டுவிட்டு, குடத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போகிறாள். அவள் கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை.

கடப்பாரை வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் மெழுகு உருகிவிட்டால் டிக்கி திறந்தும் பிரயோஜனம் இல்லை. மத்தியானம் கொஞ்சம் வெயில் விழும் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! மில்லில் கோணிச் சாக்குக்குப் பஞ்சமா? நான்கு சாக்கை நன்றாகத் தண்ணீரில் நனைத்து டிக்கி மேல் போடுங்கள். காயக் காய நனைத்துக்கொண்டே இருங்கள்.

அன்னபுஷ்பம்


ஸ்ரீபெரும்புதூர்
18-5-1968

சம்பந்தி அம்மாவுக்கு,

தாயாரம்மாளை நான் பார்த்ததில்லை. பார்த்தால் ரெண்டு வார்த்தை சொல்லவேண்டும் போல் இருக்கிறது. உங்களைப் பார்த்து அப்படிச் சொல்ல அந்த அம்மாவுக்கு எப்படி நாக்கு வந்தது?

ஆனால் தண்ணீரா? சித்தப்பா கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் அம்மா. வேண்டுமானால் ஓலைப்பந்தல் போடுகிறேன். நானே பக்கத்தில் நின்று விசிறுகிறேன். நனைந்த சாக்கு மட்டும் போட மாட்டேன். இந்தக் காரின் மேல் இதுவரை பனி விழுந்தாலும் துடைத்திருக்கிறேன்.

இதை நான் சொன்னதும் ரூத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, எங்கம்மா முக்காடு முக்காடுன்னு எழுதுனா, அத்த நானுன்னு படிச்சிக்கோங்க" என்றாள். சொல்லிவிட்டு உமி அள்ளுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம்.

அதனால் நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது முக்காடா, மகளா? மகள் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள். நாளைக்கே கொண்டுவந்து விடுகிறேன். டிக்கி திறக்கிறபோது திறக்கட்டும். உங்கள் ஏற்பாட்டை நீங்களே ஒரு தடவை தளர்த்தினால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஜெபதாஸ்


படப்பை
20-5-1968

சம்பந்தி ஐயாவுக்கு,

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். மகள்தான்.

அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது காலையில் காபி போடும்போது கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கிறது. ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைக்கிறேன். முக்காட்டைப் பற்றி எழுதினால் உங்களுக்கு அடிக்கடி எழுதலாம். மகளை அனுப்புங்கள் என்று எத்தனை தடவை எழுத முடியும்? அந்தப் பெண்ணுக்கு என் பிடிவாதத்தோடு என் புத்தியும் வந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்டாள்.

ஆனால் முக்காடு இல்லாமல் அவளை அழைத்து வராதீர்கள். யார் கேட்கப்போகிறார்கள் என்கிறீர்களே, கிரேசி கேட்க மாட்டாள், அதுதான் சங்கடம். நேற்று குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "டீச்சர், நீங்க மனசுல வச்சிக்காதீங்க. நான் மல்லிப்பூ மட்டும் வச்சிகினு வந்துடறேன். தலப்பு போட்டுக்கறேன்" என்றாள். எந்தத் தலைப்புக்காக நான் ஊரெல்லாம் சண்டை போட்டேனோ அதே தலைப்பு! அவளை அப்படி அனுப்பிவிட்டு, என் மகளுக்கு நான் எந்த முகத்தோடு இடியாப்பம் பிழிந்து போடுவேன்?

கடப்பாரை என்று எழுதினதற்கு வருத்தப்படுகிறேன். டாக்சி என்று சொன்னதும் நான்தான். உங்கள் சித்தப்பா அந்தக் காரை உங்களிடம் கொடுத்தது ஷெட்டில் வைத்துத் துடைப்பதற்கு மட்டும்தானா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பெண் ஏறின வண்டி அது. அவர் இருந்திருந்தால் கிரேசிக்காக என்ன செய்திருப்பார்? எனக்கு அவரைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறேன்.

அன்னபுஷ்பம்


ஸ்ரீபெரும்புதூர்
23-5-1968

சம்பந்தி அம்மா!

திறந்துவிட்டது!

முதலில் கிரீடத்தைச் சொல்லிவிடுகிறேன். டின்னில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததால் இடது பக்கத்துப் பூக்கள் இரண்டு உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மற்றதெல்லாம் அப்படியே. முக்காட்டில் ஒரு கறை இல்லை. இதை எழுதும்போது ரூத் பூந்திக்கொட்டையை நசுக்கிக்கொண்டிருக்கிறாள். பாடிக்கொண்டே நசுக்குகிறாள்.

நடந்ததைக் கேளுங்கள். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். சித்தப்பா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டீர்களே. எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு தடவை கொட்டுகிற மழையில், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேல், பிரசவ வலியெடுத்த ஒரு பெண்ணை இதே காரில் ஏற்றிக்கொண்டு போனார். யார் என்றே தெரியாத பெண். திரும்பி வந்தபோது கார் முழுக்கச் சேறு, உள்ளேயும் தண்ணீர். நான் "சித்தப்பா, தண்ணி!" என்று கத்தினேன். "இது வேற தண்ணிடா" என்றார். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

சாக்கை நனைத்தது ரூத். நான் திரும்பி நின்றுகொண்டேன், என்னால் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலமும் மறுநாள் முழுதும் மாற்றி மாற்றி நனைத்தாள். மில்லில் எல்லாரும் துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். இன்று காலையில் சாக்கை எடுத்துவிட்டுத் துடைக்கப் போனேன். சாவித் துவாரத்திலிருந்து வெள்ளையாக, கஞ்சி மாதிரி என்னவோ வழிந்துகொண்டிருந்தது. சரி என்று சாவியைப் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி இறங்கியது. கைப்பிடி திரும்பியது. கொக்கி "டக்"கென்று விட்டது. பாண்டுரங்கன் பையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டினான்.

இப்போது வாத்தியாரம்மா, உங்களுக்கு ஒரு கேள்வி. துரு வெள்ளையாக இருக்குமா? சாவியோடு சேர்ந்து ஒரு துண்டு ரோஸ் காகிதமும் வெளியே வந்ததே, அது எந்த ஊர்த் துரு?

நான் டிக்கியை மூடினதும் பூ உதிர்ந்தது, உங்கள் பிள்ளைகள் மறுபடி பசை தடவினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கே தடவினார்கள்? சாவித் துவாரத்துக்கு மேலேயே! ஒரு கிண்ணம் மைதா உள்ளே போய்க் கல்லாகிவிட்டது. அதற்கு நான் ஊற்றினது மண்ணெண்ணெய். மைதாவுக்குத் தண்ணீர்தானே மருந்து! உங்கள் பசை மூடியதை உங்கள் சாக்கு திறந்தது. நடுவில் நான் ஒரகடம் ரோட்டில் இடுப்பை ஒடித்துக்கொண்டதுதான் மிச்சம். இப்போது பெஞ்சில் யார் ஏறுவது?

சரி, சரி. அறைந்ததும் நான்தான். பெஞ்சில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கும்.

நாளை வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இடியாப்பத்துக்கு மாவு இடித்து வையுங்கள். கிரேசியை 27ஆம் தேதி கோயிலுக்கு அழைத்துப்போவது இந்தக் கார்தான். டாக்சி கீக்சி என்று யாராவது பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூ ஒட்டலாம். பசைக் கிண்ணம் மட்டும் என் கையில்தான் இருக்கும்.

ஜெபதாஸ்


படப்பை
28-5-1968

சம்பந்தி ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

இதை வேண்டும் என்றேதான் கார்டில் எழுதுகிறேன். பாண்டுரங்கன் நிதானமாகப் படிக்கட்டும்.

கிரேசியின் கல்யாணத்தை நீங்களே பார்த்தீர்கள். கிரீடம் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. சரிசெய்யவா என்று ரூத் கேட்டதற்கு, "வேணாங்க்கா, இப்டியே நல்லாகீது" என்று தலையை நிமிர்த்திக்கொண்டு போனாளே, என் கண்ணே பட்டிருக்கும். கிரேசி வாசலில் இறங்கும்போது தாயாரம்மாள் உங்கள் காரைத் தொட்டுப் பார்த்தாள். நீங்கள் உடனே துணியால் துடைத்ததையும் பார்த்தேன். அதற்காக உங்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

இன்று காலையில் பிள்ளைகளோடு கிளம்பிவிட்டீர்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கிளம்புகிற அவசரத்தில் சொல்ல விட்டுப்போயிற்று. டிக்கியில் ஒரு கூடை ருமானி மாம்பழம் வைத்திருக்கிறேன். பாதி பழம், பாதி செங்காய். மே மாத வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். டிக்கியைப் பூட்டினது நான்தான், மெதுவாகத்தான் மூடினேன். டிக்கிச் சாவி தனிதானே, அது என் கைப்பையில் இருக்கிறது. தெரியாமல் எடுத்து வைத்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், சாக்கை நனைக்காதீர்கள், ஒரகடம் ரோட்டில் குலுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் காரைப் படப்பைக்குக் கொண்டு வாருங்கள். நானே திறந்து தருகிறேன்.

ரூத் முன் சீட்டில் இருக்கவேண்டும்.

அன்னபுஷ்பம்